திக்கி ஓதும் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, மண்ணடி பக்கம் பிள்ளையை முஸ்லிம் நிர்வாகப் பள்ளியில் சேர்க்கப் போகிற தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே சேர்த்துவிட்டு, காலையானால் வயிற்றுவலி என்று பிள்ளை சுருண்டு படுப்பதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். நான் ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித் தவித்தேன். கணவர் தோஹாவில் வேலை பார்க்கிறார். பிறந்த வீடு கீழக்கரையில். பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்களோ, "வெளியே சொல்லாதே" என்றுதான் சொன்னார்கள்.

என் மூத்த மகன் நன்றாகப் பேசுவான். யூசுஃப் நபியின் வரலாற்றை ஒரு முறை கேட்டால் போதும், கிணறு, வணிகக் கூட்டம், சிறைச்சாலை, கனவு என்று ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லிவிடுவான். எழுத்து மட்டும் அவனுக்கு வசப்படவில்லை. தமிழில் ப-வும் ம-வும் மாறும். ஆங்கிலத்தில் பி-யும் டி-யும் திரும்பி நிற்கும். அரபியில் இன்னும் கஷ்டம். பா, தா, ஸா மூன்றுக்கும் ஒரே உருவம். புள்ளி கீழே ஒன்றா, மேலே இரண்டா, மூன்றா என்பதுதான் வித்தியாசம். ஜீம், ஹா, கா-வும் அப்படியே. "புள்ளி நகருது உம்மா" என்பான். விளையாட்டுப் புத்தி, வளர வளரச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. இங்கிலீஷ் மீடியம், தினமும் காலையில் முதல் பீரியடே குர்ஆன், மதியம் லுஹர் தொழுகை பள்ளியிலேயே எல்லோரும் சேர்ந்து ஜமாஅத்தாக. தீனும், அதாவது மார்க்கமும், படிப்பும் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் இன்றும் எனக்குத் தவறாகப் படவில்லை. மூன்றாம் வகுப்பில் குர்ஆன் ஓதிக்கொடுக்கப் புது ஹஜ்ரத் வந்தார். அதற்குப் பிறகுதான் பையன் மாறினான். இரவில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் வாடிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளிப்பாட்டும்போதுதான் கெண்டைக்காலில் அந்தத் தழும்பைப் பார்த்தேன். பக்கம் பக்கமாக இரண்டு கோடு, மர ஸ்கேலின் விளிம்பு அளவுக்கு. ஒன்று சிவப்பாக இருந்தது, இன்னொன்று பழசாகிப் பச்சை படர்ந்திருந்தது. சோப்பு பட்டதும் காலை இழுத்துக்கொண்டான். யார் அடித்தது என்று நான் கேட்கும் முன்பே, "நான் சரியா ஓதல உம்மா" என்றான். அடித்தவர் மேல் அவனுக்குக் கோபமே இல்லை. தான்தான் கெட்ட பிள்ளை என்று முடிவு கட்டியிருந்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அடுத்த சில நாட்களில் மற்றதும் வெளியே வந்தது. வகுப்புப் பிள்ளைகள் அவனுக்கு 'நுக்தா' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நுக்தா என்றால் புள்ளி. புள்ளியை மாற்றி மாற்றிச் சொல்வதால் அந்தப் பெயர். டிஃபனுக்கு யாரும் பக்கத்தில் உட்கார்வதில்லை. இன்னொன்றும் உண்டு. மார்க்கச் சட்டத்தில் நாங்கள் ஷாஃபி பிரிவு. ருகூவுக்குக் குனியப் போகும்போதும் எழும்போதும் கையை உயர்த்துவோம். அங்கே பெரும்பாலும் ஹனஃபி பிள்ளைகள். அவர்கள் தொழுகை தொடங்கும் முதல் தக்பீரில் மட்டும் உயர்த்துவார்கள். இவன் கை உயர்த்துவதைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்களை யாரும் திருத்தவில்லை, "எல்லாரும் மாதிரி தொழு" என்று இவனுக்குத்தான் திட்டு. நம் பிள்ளைகளுக்குள்ளேயே ஒரு பிள்ளை வெளியாள் ஆகிவிடலாம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. உருது பேசுகிற வீட்டுப் பிள்ளை, தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளை என்று அங்கே தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து இருந்ததையும் அதற்கப்புறம்தான் கவனித்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை வாய் திறந்து சொல்லும்போது குறுக்கே பேச வேண்டாம். "ஹஜ்ரத் அடிச்சாரா?" என்று நாமே பெயரை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டு, சொன்னதை அவன் வார்த்தையிலேயே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். வந்தவர் போனவரிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். தழும்பை போட்டோ எடுத்துவிட்டு, காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி ஓபி சீட்டில் அதை எழுதி வாங்குங்கள். எங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி இருக்கிறது. வரிசையில் நின்றால் பாதி நாள் போய்விடும், ஆனாலும் அந்தச் சீட்டு பின்னால் ரொம்ப உதவியது.

வகுப்பு டீச்சரிடம்தான் முதலில் போனேன். அவர் முஸ்லிம் இல்லை. பையனுக்கு எழுத்தில் ஏதோ பிரச்சினை என்று அவர் முன்பே கவனித்திருக்கிறார்; ஓதும் வகுப்பில் நடப்பதைப் பற்றி நாம் எப்படிப் பேசுவது என்று தயங்கியிருக்கிறார். வராந்தாவில் மெதுவாகச் சொன்னார்: "வாயால சொன்னா நிக்காதும்மா, எழுதிக் குடுங்க." அந்தப் பள்ளியில் எனக்குக் கிடைத்த நல்ல யோசனை அதுதான். வேறு மதத்து ஆசிரியர் ஒரு தவறைப் பார்த்தால் பயமில்லாமல் சொல்லக்கூடிய இடமாக நம் பள்ளிகள் இருக்க வேண்டும். அவர் வாயை அடைத்தால் நஷ்டம் நம் பிள்ளைக்கு.

ஹஜ்ரத்தையும் பார்த்தேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. சின்ன வயது. மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து ஐம்பது பேருக்கு ஒரே ஆளாக ஓதிக்கொடுக்கிறார். அவர் ஓதிய இடத்திலும் அடிதான். அடிக்காமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. "ஹதீஸ்லயே இருக்கும்மா" என்றார். ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதாகியும் தொழாவிட்டால் அடியுங்கள் என்று அபூதாவூத் என்ற தொகுப்பில் வரும் ஹதீஸை, அதாவது நபிமொழியைத்தான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது, ஆனால் கேட்டேன்: "அது தொழுகைக்கு ஹஜ்ரத். இவன் தொழாமல் இருக்கவில்லை, எழுத்து தெரியாமல் திணறுகிறான். வயசும் எட்டுதான்." பதில் இல்லை. அந்த ஹதீஸை விளக்கிய அறிஞர்கள், அடி முகத்தில் படக்கூடாது, காயம் வரக்கூடாது என்றெல்லாம் வரம்பு கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பிறகு மார்க்கம் படித்த ஒரு ஆலிமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் கையால் அடித்ததே இல்லை என்று அவர்களுடைய துணைவி ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. சிறுவயதிலிருந்து பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை 'ச்சீ' என்றுகூடச் சொன்னதில்லை. தீனை முன்னால் வைத்து நம் வாயை அடைக்க வந்தால், அதே தீனை வைத்தே கேட்கலாம். அதற்கு நாம் கொஞ்சம் படித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் தாளாளர். பெரிய மனிதர், தொப்பி, வெண்தாடி, டீ வரவழைத்தார். "நம்ம ஸ்கூல்மா இது. ஊரெல்லாம் நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கு. இது வெளிய போனா யாருக்குக் கெட்ட பேரு?" என்றார். அவர் சொன்ன பயம் பொய் இல்லை. நம் பள்ளிகளைப் பற்றி எப்போது என்ன செய்தி வருமோ என்று நானும் பயப்படுகிறவள்தான். மாமியும் போனில் அதையேதான் சொன்னார். அந்தப் பயத்தில் பல மாதங்கள் ஓடின. பையன் அந்த மாதங்கள் முழுக்க அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். இப்போது யாராவது "சமுதாயத்துக்குக் கெட்ட பேரு" என்றால், அடிபட்ட இந்தப் பிள்ளையும் சமுதாயம்தானே என்று கேட்டுவிடுகிறேன்.

கடைசியில் எழுதிக் கொடுத்தேன். ஒரே பக்கம். என்ன நடந்தது, எந்தத் தேதி, பிள்ளை சொன்னது, டாக்டர் எழுதியது, நான் கேட்பது என்ன, எத்தனை நாளில் பதில் வேண்டும். கோபத்தை அதில் எழுதவில்லை. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் அலுவலக முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். தர மாட்டேன் என்றால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் முதலில் வாங்க மறுத்தார்கள். தபாலில் அனுப்பப் போகிறேன் என்றதும் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள்.

பள்ளி பதில் தரவில்லை. கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒருவர், சிறுபான்மைப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் பாதி சரி. 2009ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 17ஆவது பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்மை. ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் துன்புறுத்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவில் குற்றம். அதில் சிறுபான்மைப் பள்ளி, பெரும்பான்மைப் பள்ளி என்ற பேதம் கிடையாது. இதை எனக்கு விளக்கியவர்கள் 1098 குழந்தைகள் உதவி எண்ணில் பேசியவர்கள். இரவானாலும் எடுக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எப்படி மனு கொடுப்பது என்றும் சொன்னார்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது. கல்வி அலுவலகத்திலிருந்து மதிய வெயிலில் வெளியே வந்தபோது இதெல்லாம் தெரிந்திருந்தால் அத்தனை உடைந்து போயிருக்க மாட்டேன்.

இங்கே முக்கியமாக ஒன்று. பிள்ளை சொல்வது அடியைப் பற்றி இல்லாமல் தகாத தொடுதலைப் பற்றி என்றால் நான் போன வழியில் போகாதீர்கள். தாளாளர், பள்ளிவாசல் ஜமாஅத், சொந்தக்காரர் என்று சுற்றாமல் நேராக 1098 அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த யாரும் புகார் செய்தே ஆக வேண்டும். உள்ளுக்குள்ளே பேசி முடிக்கிற உரிமை யாருக்கும் இல்லை.

மனு கொடுத்த பிறகு பள்ளிக்கு எங்கிருந்தோ போன் போயிருக்கிறது. ஸ்கேல் காணாமல் போனது. ஆனால் "அவன்கிட்ட பேசாதீங்க, அவங்க உம்மா கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க" என்பது பிள்ளைகள் வாயில் வந்துவிட்டது. அடி நின்றது, தனிமை கூடியது. இதற்குத் தயாராக இருங்கள். வருஷத்தின் நடுவில் வெளியே எடுத்தேன். கட்டிய டெர்ம் பீஸ் 14,000 ரூபாய் திரும்பவில்லை. வேன் பாக்கியைக் காரணம் காட்டி டிசியை நிறுத்தினார்கள். கட்டண வசூலுக்கு டிசியைக் கருவியாக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன செய்தியைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்த பிறகு கொடுத்தார்கள். புதுப் பள்ளிக்குச் சேர்க்கை, புத்தகம், யூனிஃபார்ம், பரிசோதனை, தனி வகுப்பு எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய்க்குப் பக்கம். ஒரு ஜோடி வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

பரிசோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் கண்ணும் காதும் பார்த்தார்கள். இரண்டும் நன்றாக இருந்தது. பிறகு உளவியல் நிபுணர் பல மணி நேரம் அவனை வைத்துப் பார்த்துவிட்டு டிஸ்லெக்ஸியா என்றார். புத்திக்கு ஒரு குறையும் இல்லை, எழுத்தை வேறு வழியில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். பஸ்ஸில் வரும்போது அழுதேன். நோய் என்று அழவில்லை. அவன் சோம்பேறி இல்லை, அடங்காதவன் இல்லை என்று ஒருவராவது எழுதிக் கொடுத்தார்களே என்று அழுதேன். டிஸ்லெக்ஸியாவும் அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஒன்று. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி அந்தப் பிள்ளையை ஒதுக்காமல் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதும் ஆள் போன்ற சலுகைகள் உண்டு. அதற்கு மருத்துவச் சான்றோடு பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அதனால் காகிதங்களை இப்போதிருந்தே சேர்த்துவையுங்கள்.

அந்த ஆலிமாதான் எனக்கு இன்னொன்றும் சொன்னார். குர்ஆனைத் திக்கித் திணறி, சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டு ஹதீஸ் தொகுப்பிலும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஏன் உம்மா அடிச்சாங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வியை ஒவ்வொரு தாளாளரும் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மறுபடியும் இஸ்லாமியப் பள்ளியிலேயே சேர்த்தேன். பல பேருக்கு ஆச்சரியம். என் பிள்ளை அல்லாஹ்வின் வேதத்தைக் கண்டு பயந்தவனாக வளர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அதனால் இந்த முறை நிறையக் கேட்டுவிட்டுச் சேர்த்தேன். "இங்கே ஒரு பிள்ளை அடிபட்டால் யாரிடம் சொல்லும்?" என்று கேளுங்கள். "நம்ம ஸ்கூல்ல அப்படியெல்லாம் நடக்காது" என்று பதில் வந்தால் யோசியுங்கள். இந்தப் பள்ளியில் ஒரு டீச்சரின் பெயரையும் அவர் உட்காரும் அறையையும் சொன்னார்கள். ஓதும் அறையைப் போய்ப் பாருங்கள். கதவில் கண்ணாடி இருக்கிறதா, வெளியிலிருந்து உள்ளே தெரிகிறதா, ஒரு ஹஜ்ரத்துக்கு எத்தனை பிள்ளைகள். கழிப்பறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். நோன்பு வைக்காத சின்னப் பிள்ளையும் முஸ்லிம் அல்லாத பிள்ளையும் ரமலானில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள். பெண் பிள்ளை என்றால், மாதவிலக்கு நாளில் தொழுகை வரிசையிலிருந்து எப்படி விலகுவாள் என்று கேட்டே ஆக வேண்டும். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியை எல்லோர் முன்னாலும் "ஏன் தொழல?" என்று நிற்கவைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் அந்த நாட்களில் லீவு போட ஆரம்பித்தாள்.

இங்கே ஹஜ்ரத் காதால்தான் கற்றுத்தருகிறார். அவர் ஓத, இவன் திருப்பி ஓதுகிறான். கீழ்ப்புள்ளிக்கு ஒரு நிறம், மேல்புள்ளிக்கு வேறு நிறம் என்று தானே பென்சிலால் அடித்துக் கொடுத்திருக்கிறார். "வானவர் ஜிப்ரீல் (அலை) ஓத, நபி (ஸல்) காதால கேட்டுத்தானே ஓதினாங்க" என்றார் என்னிடம். கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) மதீனாவில் பாங்கு சொன்னவர் என்பதை வகுப்புக்கே கதையாகச் சொல்லியிருக்கிறார். ஷாஃபி, ஹனஃபி இரண்டு முறைத் தொழுகையையும் பிள்ளைகள் முன்னால் நின்று காட்டி, இரண்டும் சரி என்றாராம். அன்று மகன் வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னான்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இங்கேயும் பட்டப்பெயர் முளைத்தது. ஆனால் டீச்சர், அப்படிச் சொன்ன பையனைக் கூப்பிட்டு, பட்டப்பெயர் சொல்லி அழைக்காதீர்கள் என்கிற குர்ஆனின் ஹுஜுராத் சூராவின் 11ஆவது வசனத்தைப் பற்றித் தனியாக உட்கார்ந்து பேசியிருக்கிறார். எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தவில்லை. இரண்டு பேரும் இப்போது ஒரே பெஞ்ச். மகன் வாசிப்பது இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. குர்ஆனின் கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்உவில் பாதிக்கு மேல் மனப்பாடம்.

பழைய பள்ளியிலிருந்து ஒரு தாய் சமீபத்தில் போன் செய்தார். அதே ஓதும் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளை. அவரோடு நானும் தாளாளரைப் பார்க்கப் போகிறேன். நீங்களும் இந்த மாதிரிச் சந்திப்புக்குத் தனியாகப் போகாதீர்கள். சொந்தம் வராவிட்டால் இன்னொரு தாயைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் பேசட்டும், இன்னொருவர் அங்கே யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதிக்கொள்ளட்டும். வெளியே வந்ததும் அதையே ஒரு கடிதமாக்கிப் பள்ளிக்கு அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டிவிடுங்கள்.